சுகர் மாத்திரையைக் குறைத்தால் கிட்னி தப்புமா?

கேள்வி: எனக்கு 52 வயது. மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். 9 வருடமாக சுகர், 4 வருடமாக பிரஷர். திருநெல்வேலியில் என் அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சுகர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது என்கிறார்கள். பயந்துபோய் நானும் ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டேன். முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மட்டும் தினமும் போடுகிறேன். கிரியாட்டினின் 1.2. ரிப்போர்ட்டில் 1.3 வரை நார்மல் என்று இருக்கிறது. எனக்கும் கிட்னி கெடுமா?

பதில்: அம்மா, நீங்கள் பயப்பட வேண்டியது முட்டிவலி மாத்திரைக்குத்தான். சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் நுண்குழாயை விரிவாக வைத்திருக்கும் சுரப்பை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை தடுத்துவிடும். ரத்த ஓட்டம் குறையும். என்றோ ஒரு நாள் போட்டால் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். சுகரும் பிரஷரும் இருக்கிற உடம்பில், அடுப்படி வெக்கையில் வியர்த்துக்கொண்டே தினமும் போடுவது வேறு விஷயம். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து ஓடினால் ஆபத்து இன்னும் கூடும். இன்றே நிறுத்துங்கள். வலிக்கு என்ன போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி எல்லாம் இருக்கின்றன.

சுகர் மாத்திரை மீது இந்தப் பழி எப்படி வந்தது? கிட்னி பழுதான பிறகு மருத்துவர்கள் மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்துவார்கள். மருந்து உடம்பில் தேங்கக்கூடாது என்பதற்காக அது. பார்ப்பவர்கள் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். நிறுத்திய மாத்திரை எது என்று மருத்துவரிடம் சொல்லி மறுபடி ஆரம்பியுங்கள்.

அடுத்து அந்த கிரியாட்டினின் 1.2. தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது. தசை அதிகமுள்ள 25 வயது ஆணுக்கு 1.2 சாதாரணம். கணக்குப் போட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 86 வரும். அதே 1.2-ஐ வைத்து 52 வயதுப் பெண்ணுக்குப் போட்டால் 54 தான். 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டை நார்மல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நோய் என்றும் இப்போதே சொல்ல மாட்டேன். வலி மாத்திரையை விட்டபின் இந்த எண் ஏறவும் கூடும்.

இன்னொரு பரிசோதனையை உங்களுக்கு யாரும் எழுதித் தந்ததாகத் தெரியவில்லை. சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம். சுகர் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை கட்டாயம். 30 mg/g-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் சிறுநீரகச் சல்லடையில் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். கிரியாட்டினின் ஏறுவதற்கு வருடக்கணக்கில் முன்பே இது காட்டிக்கொடுக்கும். கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்று அறிகுறிக்குக் காத்திருந்தால் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே, காலை வியாபாரம் முடிந்ததும் போய் வாருங்கள்.

அக்காவுக்கு எதனால் பழுதானது என்று கேட்டு வையுங்கள். சுகரால் என்றால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் என்றால் உங்களுக்கு ஒரு ஸ்கேனும் வேண்டும். புகை, உடல் பருமன், இதய நோய், பிரசவ காலத்தில் வந்த பிரஷர் இவையும் கணக்கில் சேரும். மும்பைக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல். மழைவெள்ளத்தில் நடந்து, காய்ச்சலோடு கிட்னியும் ஒருமுறை அடிவாங்கியிருந்தால், குணமான பிறகும் வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரை வாளி வாளியாகக் குடித்துக் கிட்னியைக் கழுவ முடியாது. பொதுக் கழிப்பிடத்துக்குப் போகச் சங்கடப்பட்டுப் பகல் முழுக்கக் குடிக்காமலும் இருக்காதீர்கள். பிரஷர் 130/80-க்குள் இருக்கட்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அப்பளம் ஊறுகாயையும் சேர்த்துத்தான்.

3 மாதம் கழித்து கிரியாட்டினினை மறுபடி எடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள். நடுவில் சிறுநீர் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கிளம்பிவிடுங்கள்.