லெதர் டெக்னாலஜி சீட்டை விட்டுவிடலாமா?

கேள்வி: மகளுக்குக் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக். லெதர் டெக்னாலஜி கிடைக்கும்போல் இருக்கிறது. தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைக்கும். "நாற்பது கம்பெனிகளோடு ஒப்பந்தம்" என்கிறார்கள். நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்றாலே கெட்டுப்போன பாலாறுதான் ஞாபகம் வருகிறது. எதை எடுப்பது?

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவுநீர் வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கையை உறுதிசெய்தது. ஆனால் உங்கள் மகளுக்கு வேலை இருப்பதும் அந்தச் சிக்கலுக்குள்தான்.

முதலில் அந்த நாற்பது ஒப்பந்தங்கள். கல்லூரியில் இதை மட்டும் கேளுங்கள்: போன வருடம் எந்தக் கம்பெனி எந்தப் பிரச்சினையைக் கொண்டுவந்தது, அதற்குப் பணம் கொடுத்ததா, எத்தனை மாணவர்கள் எத்தனை வாரம் அங்கே வேலை செய்தார்கள்? பதிலாகக் கையெழுத்து விழா போட்டோவைக் காட்டினால் கிளம்பி வந்துவிடலாம்.

லெதர் டெக்னாலஜியில் நிலைமை வேறு. 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ.யின் வளாகத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் இந்தத் துறை இயங்குகிறது. ஆலைக்காரர் தோலில் கறை விழுகிறது என்று தூக்கி வரும் இடமும் மாணவர் படிக்கும் இடமும் ஒன்று.

அங்கே என்ன மாதிரி வேலை நடக்கிறது என்பதற்கு, தோலைப் பதனிடப் போடும் குரோம் உப்பு ஒன்றே போதும். முடி நீக்கிய ஈரத்தோல் ஆயிரம் கிலோவுக்கு வழக்கமாக 80 கிலோ போடுவார்கள். அதில் தோல் பிடித்துக்கொள்வது 60 முதல் 70 சதவீதம்தான். ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ தண்ணீரோடு போய்விடும். அதை மீட்க, தோலைப் போட்டு உருட்டும் டேனிங் டிரம்மின் நீரைத் தனிக் குழாயில் பிடித்து, வடிகட்டி, மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து பி.எச். அளவை 8-க்குச் சற்று மேலே கொண்டுபோவார்கள். ஒரு ராத்திரியில் குரோம் அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் டிரம்முக்குத் தயார். சுண்ணாம்பு மலிவாயிற்றே என்று அதைப் போட்டால் படிவு பொங்கிப் பெருகும், சீக்கிரம் அடங்காது. அந்த நீரில் வரும் கொழுப்பைச் சரியாக எடுக்காவிட்டால் அடுத்த தோலில் கறை. டிரம் நீரைச் சாக்கடையில் கலக்க விட்டுவிட்டால் எதையும் மீட்க முடியாது.

மீட்பதைவிட வீணாக்காமல் இருப்பது மேல். சி.எல்.ஆர்.ஐ. உருவாக்கிய நீரில்லா குரோம் டேனிங், குரோமுக்கு முன் தோலை அமிலத்திலும் உப்பிலும் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தையும், குரோம் தோலில் நிலைக்கப் பின்னால் காரம் சேர்க்கும் பேஸிஃபிகேஷனையும் தவிர்க்கிறது. பிக்கிளில் போகும் உப்பு சுத்திகரிப்பு நிலையத்துக்கே வராது என்பதுதான் இதில் பெரிய லாபம். சாதாரண சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது, அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வேண்டும், கரன்ட் பில் எகிறும்.

மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்: ஆய்வகத்தில் நூறு கிராம் துண்டில் வந்த முடிவு இரண்டு டன் டிரம்மில் வராது. உருளும் வேகம், சூடு, தோலின் தடிமன் எல்லாம் மாறும். ஓரம் நீலமாக இருக்கும். நடுவே வெட்டிப் பார்த்தால் குரோம் இறங்காமல் வெளுத்திருக்கும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டால் சுருங்கிவிடும். இதைச் சரிசெய்ய ஆறு வார இன்டர்ன்ஷிப் போதாது. ஆகவே கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்டை முழுக்க ஒரே டேனரியில் செய்யச் சொல்லுங்கள். தொடங்கும் முன்பே, எந்தத் தகவலை அறிக்கையில் எழுதலாம், எதை எழுதக்கூடாது, கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பதைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஆறு மாத உழைப்புக்குப் பிறகு ஆலை "வெளியிடக் கூடாது" என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வேலை? டேனரி மட்டுமல்ல. தோல் ரசாயனக் கம்பெனிகளின் ஆய்வகம், ஷூ பிராண்டுகளின் தரப் பரிசோதனை, டேனரிகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைச் சோதிக்கும் லெதர் வொர்க்கிங் குரூப் அமைப்பின் தணிக்கைக்கு ஆலையைத் தயார்செய்யும் வேலை என்று பல வழிகள். உடலில் படும் தோல்பொருளில் குரோமியம்-VI என்ற நச்சு வடிவம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதைக் காப்பாற்றத் தெரிந்த ஆளை ஏற்றுமதியாளர் தேடுகிறார். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே நிபந்தனை வேதியியல். கட்-ஆஃபில் அது 50 மதிப்பெண்தான், படிப்பிலோ பெரும்பங்கு. பிளஸ் டூவில் வேதியியலை மனப்பாடம் செய்து தாண்டிய பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே விடுங்கள். பிடித்துப் படித்தவள் என்றால், சாய்ஸ் நிரப்பும் முன் உங்கள் ஊர் டேனரி ஒன்றுக்குக் கூட்டிப்போய், தோலை ஊறவைத்து முடி நீக்கும் பகுதியில் அரை மணி நேரம் நிற்கவையுங்கள். வெளியே வந்ததும் நீங்கள் பேசாதீர்கள், அவள் சொல்லட்டும்.