பாலைவன வெயிலில் கான்கிரீட் நடைபாதை: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் ஐந்து கடைகள் கொண்ட ஒரு சிறு வணிக வளாகம் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. கடைகளுக்கு முன்னால் 1,200 சதுர அடி நடைபாதையையும், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி 200 அடி நீளத்துக்குக் கெர்ப் எனப்படும் விளிம்புக் கட்டையும் இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றிலும் "4 அங்குலக் கனம், 3,000 பிஎஸ்ஐ கான்கிரீட்" என்றுதான் இருக்கிறது (பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலம் எத்தனை பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் என்ற வலிமை அளவு). விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். மிகக் குறைவாகக் கேட்பவர் ஜூலையிலேயே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: மூன்று கொட்டேஷன்களிலும் ஒரே வரி இருக்கிறது என்றால், விலை எதனால் வேறுபடுகிறதோ அது அந்த வரியில் எழுதப்படவில்லை என்று பொருள். ரெடிமிக்ஸ் ஆலையிலிருந்து வரும் கலவை மூவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். லாரி வந்து நின்ற பிறகு வரும் ஆறேழு மணி நேரமும் அதற்கடுத்த ஏழு நாட்களும் எப்படிக் கவனிக்கப்படுகின்றன என்பதில்தான் ஆள்கூலியும் பொருட்செலவும் கூடுகின்றன. விலையைக் குறைப்பவர் பெரும்பாலும் அங்கேதான் குறைப்பார்.

உங்கள் பகுதியின் வெயிலை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் வெப்பம் பதிவானது; செல்சியஸில் அது 43 டிகிரிக்கு மேல். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வெப்பக்கால விதிகள், கொட்டும் நேரத்தில் கலவையின் வெப்பம் பொதுவாக 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. கலவையின் வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் அது இறுகும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆட்கள் மட்டப்பலகை போட்டுத் தேய்த்து முடிப்பதற்குள் கான்கிரீட் கையைவிட்டுப் போய்விடுகிறது.

வெப்பத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது வறட்சியை. கான்கிரீட்டைக் கொட்டியதும் உள்ளிருக்கும் நீரில் கொஞ்சம் மெல்ல மேலே கசிந்து வந்து ஈரப்படலமாக நிற்கும். காய்ந்த காற்று அந்தப் படலத்தை, கீழிருந்து நீர் வருவதைவிட வேகமாக உறிஞ்சினால் மேல்தோல் சுருங்கிக் கிழிகிறது. ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ என்ற அளவை நீரிழப்பு நெருங்கினாலே முன்னேற்பாடு வேண்டும் என்பது துறையில் நெடுங்காலமாக உள்ள எச்சரிக்கை. ஜூலைப் பிற்பகலில், காற்றும் சற்று வீசினால், பாலைவனத்தில் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடலாம்.

ஒருமுறை ஒரு கடைத்தொகுதியின் முன்னால் பிற்பகல் இரண்டு மணிக்கு நடைபாதை போட்டதை நின்று பார்த்தேன். மேல்பரப்பு இறுகத் தொடங்கியதும், தேய்ப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒருவர் ரப்பர் குழாயால் நீரைத் தெளித்துக்கொண்டே போனார். பின்னால் வந்தவர் அதைக் கரணையால் இழைத்துக்கொண்டே வந்தார். அன்று மாலை அது கண்ணாடி போல் மின்னியது. அடுத்த கோடையில் அதே இடத்தில் வண்டிச் சாவியால் ஒரு கோடு கீறிப் பார்த்தேன். விபூதி போல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. உள்ளே இருந்த கான்கிரீட்டில் குறையில்லை. தெளித்த நீர் மேல் கால் அங்குலத்தைக் கெடுத்திருந்தது. கட்டட உரிமையாளர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தார்.

ஆகவே மூவரிடமும் சில விவரங்களை எழுத்தில் கேளுங்கள். கான்கிரீட் எத்தனை மணிக்குக் கொட்டப்படும்? கோடையில் விடியலுக்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும் முன் மேல்பரப்பு வேலையை முடிப்பவரே தொழில் தெரிந்தவர். உங்கள் நகரத்தின் ஒலி விதி எத்தனை மணிக்கு வேலை தொடங்க அனுமதிக்கிறது என்பதையும் அவர் தெரிந்து வைத்திருப்பார். அடித்தளத்தை இறுக்கிய பிறகு முந்தின நாள் மாலையே நனைத்து வைப்பாரா? காய்ந்த மண்ணும், கான்கிரீட்டைத் தாங்க ஓரத்தில் அடித்த சூடேறிய பலகையும் நீரைக் குடித்துவிடும். அதற்காக நீர் தேங்கி நிற்கும்படியும் விடக் கூடாது. ஆலையில் குளிரூட்டிய நீரோ ஐஸோ சேர்த்த கலவைக்கு விலை சேர்த்திருக்கிறாரா? அப்போது அவர் கேட்கும் கூடுதல் தொகை நியாயமானதே.

லாரி வந்ததும் ஓட்டுநர் கொடுக்கும் சீட்டின் நகல் உங்களுக்கு வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். கலவை ஏற்றிய நேரம், கலவை எண், அளவு, வழியிலோ வேலையிடத்திலோ சேர்த்த நீர் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஏற்றியதிலிருந்து 90 நிமிடங்களுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பழகிய வரம்பு. உச்சிக் கோடையில் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. ஒரு கன கஜத்துக்கு ஒரு கேலன் நீரைக் கூடுதலாக ஊற்றினால் கலவை இளகி வேலை எளிதாகும். ஆனால் வலிமையில் சுமார் 200 பிஎஸ்ஐ போய்விடும். அளவையும் நீங்களே சரிபார்க்கலாம். ஒரு கன கஜம் கான்கிரீட் 4 அங்குலக் கனத்தில் 81 சதுர அடியை நிரப்பும். உங்கள் 1,200 சதுர அடிக்கு 15 கன கஜம் போக, சேதாரத்துக்கும் கொஞ்சம் வேண்டும். விளிம்புக் கட்டுக்கான அளவு தனி. நடைபாதைக்கான சீட்டுகளைக் கூட்டினால் 12 கன கஜம்தான் வருகிறது என்றால் எங்கோ கனம் குறைந்திருக்கிறது. சரக்கு வண்டி ஏறிக் கடக்கும் இடம் இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் 6 அங்குலம் கேளுங்கள்.

அடுத்தது நீராற்றுதல், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரம் போகாமல் வைத்து இறுகவிடுவது. நம் ஊரில் தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். வாட்டம் கொடுத்துப் போட்ட நடைபாதையில் நீர் நிற்காது. ஆகவே இங்கே ஈரம் வெளியேறாமல் தடுக்கும் வெள்ளை நிறத் திரவத்தை மேலே தெளிக்கிறார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். எந்த இடம் விடுபட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கும். வழக்கமான அளவு 200 சதுர அடிக்கு ஒரு கேலன். அப்படியானால் உங்கள் நடைபாதைக்கு மட்டும் 6 கேலன் வேண்டும். 5 கேலன் வாளி ஒன்றோடு வந்து விளிம்புக் கட்டையும் சேர்த்து அடித்து முடித்துவிட்டேன் என்பவர் மெல்லியதாகத்தான் அடித்திருப்பார். இந்தச் செலவு மொத்தத் தொகையில் மிகச் சிறியது. இதைத் தவிர்ப்பவருக்கு எத்தனை குறைந்த விலையாக இருந்தாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கடை வியாபாரம் இடம் கொடுத்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. ஜூலையில்தான் செய்தாக வேண்டும் என்றால், வேலை செய்பவர்களுக்கு நிழலும் குளிர்ந்த குடிநீரும் ஓய்வும் உண்டா என்றும் கேளுங்கள். சாண்ட்லரும் ஃபீனிக்ஸும் அடங்கிய மேரிகோபா கவுண்டியில் 2023இல் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். உங்கள் வாசலில் மண்டியிட்டுக் கரணை போடுபவரின் உயிரும் உங்கள் கவலைக்குள் வர வேண்டும்.

கேள்வி: ஃபீனிக்ஸில் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் நடைபாதை போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, விரிசல்கள் தெரிகின்றன. "கான்கிரீட் என்றால் விரியத்தான் செய்யும்" என்கிறார் ஒப்பந்ததாரர். இதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: அவர் சொல்வது பாதி உண்மை. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரியும். எங்கே விரிய வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டுக் கொடுப்பதற்குத்தான் குறுக்கே இணைப்பு வெட்டுகள் இடுகிறார்கள். 4 அங்குலத் தளத்தில் அவை 8 முதல் 10 அடிக்குள் வர வேண்டும், நடைபாதைகளில் 5 அடிக்கு ஒன்று என்பது பரவலான வழக்கம், ஆழம் கனத்தில் கால் பங்காவது, அதாவது ஓர் அங்குலம் இருக்க வேண்டும். ஒரு மெல்லிய தகட்டை வெட்டுக்குள் செருகி ஆழத்தை அளந்து பாருங்கள். அரை அங்குலம்தான் போகிறது என்றால், அந்த வெட்டு வெறும் அலங்காரம். விரிசல் வெட்டுக்கு உள்ளேயே ஓடினால் வேலை சரியாக நடந்திருக்கிறது. வெட்டுக்கு வெளியே தளத்தின் குறுக்கே ஓடினால், வெட்டு ஆழமில்லாமலோ நேரம் தவறியோ போடப்பட்டிருக்கலாம். வெயிலில் கான்கிரீட் விரைந்து இறுகுவதால், மறுநாள் காலையில் வந்து ரம்பத்தால் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் விரிசல் முந்திக்கொள்ளும்.

ஒன்றுக்கொன்று இணையாக, ஓரங்களைத் தொடாமல் குட்டையாக ஓடும் விரிசல்கள் முதல் நாளிலேயே மேல்தோல் காய்ந்ததால் வருபவை. அவை தளத்தை உடைத்துவிடாது. ஆனாலும் அது வேலைக் குறைதான், விரியும் இயல்பு என்று தட்டிக்கழிக்க முடியாது. விளிம்புக் கட்டில் இணைப்பு ஓரிடத்திலும் நடைபாதையில் வெட்டு வேறிடத்திலும் இருந்தால், கட்டின் இணைப்புக்கு நேராக நடைபாதை விரிந்திருப்பதையும் காண்பீர்கள். இரண்டையும் ஒரே கோட்டில் அமைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு நாணயத்தை நிறுத்தினாலே தெரிந்துவிடும். பாலைவனத்து மண்ணில் சில வகைகள் காய்ந்திருக்கும்வரை கல்போல் தாங்கும், நனைந்தால் குலைந்து அமுங்கும். பக்கத்துச் செடிகளுக்குப் பாய்ச்சும் நீர் அடியில் இறங்கினால் தளம் தொங்கிப்போகும். அப்படியானால் விரிசலை அடைத்துப் பயனில்லை. மண்ணை இறுக்கிய சோதனை அறிக்கையைக் கேளுங்கள், நீர்க்குழாயைத் தள்ளி வையுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் செங்குத்தாக உயர வேறுபாடு வந்தால் அது தடுக்கி விழும் இடம் மட்டுமல்ல, மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சி அளவுகோலையும் மீறியதாகிவிடும்.

கேள்வி: ஒப்பந்ததாரருக்கு முழுப்பணமும் கொடுத்துவிட்டோம். இப்போது கான்கிரீட் அனுப்பிய ஆலை, தனக்குப் பணம் வரவில்லை என்று எங்கள் கட்டடத்தின் மீது உரிமை கோருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இது நடக்குமா?

பதில்: நடக்கும். அரிசோனாவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இதில் சட்டப் பாதுகாப்பு உண்டு. வணிகக் கட்டடத்துக்கு இல்லை. பொருள் கொடுத்த முதல் 20 நாட்களுக்குள் ஆலை முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால், வேலை முடிந்த 120 நாட்கள் வரை உங்கள் சொத்தின் மீது பிணைப்பை, அதாவது வராத பணத்துக்கான உரிமையை, பதிவு செய்ய அதற்கு உரிமை உண்டு. வேலை முடிந்ததாக முறைப்படி அறிவிப்பைப் பதிவு செய்தால் அந்தக் காலம் 60 நாட்களாகக் குறையும். முன்னறிவிப்பு உங்களுக்கு வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்பதை முதலில் தேடிப் பாருங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். புதிதாக வேலை தருபவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் முன் ஒப்பந்ததாரர், ஆலை இருவரிடமிருந்தும் சட்டம் வகுத்த படிவத்தில் உரிமைவிடுப்புக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உரிமத்தையும் பாருங்கள். மாநில ஒப்பந்ததாரர் பதிவாளர் அலுவலகத்தின் தேடலில் வணிகக் கட்டடக் கான்கிரீட் வேலைக்கு சி-9 அல்லது இரு வகைக்கும் பொருந்தும் சிஆர்-9 வகுப்பு இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கான ஆர்-9 போதாது. அந்த அலுவலகத்திடம் வேலைக் குறை பற்றி 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். ஆனால் நட்டம் ஈடுசெய்யும் மாநில நிதி வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமானது. கடைக்காரர் அதை நம்பியிருக்க முடியாது. அதனால்தான் வேலையைச் சரிபார்க்கும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள் என்கிறேன்.

கேள்வி: லாஸ் வேகாஸில் இருக்கிறோம். ஐந்தாம் வகைச் சிமென்ட் போட வேண்டும் என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். வீண் செலவா?

பதில்: வீண் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணில் பல இடங்களில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் மிகுதி. ஈரத்தோடு சேர்ந்து அவை சாதாரணச் சிமென்டை உள்ளிருந்தே அரிக்கும். ஐந்தாம் வகை அந்த அரிப்பைத் தாங்குவதற்கென்றே செய்யப்படுவது. மண் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், லாரிச் சீட்டில் அந்தக் கலவைதான் வந்திருக்கிறதா என்பதையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலிக்கான சரிவு சரியாக இருக்கிறதா என்று எங்களைப் போன்றவர்களே பார்க்க முடியுமா?

பதில்: ஒரு 4 அடி ரசமட்டமும் ஓர் அளவுகோலும் போதும். 4 அடி என்பது 48 அங்குலம். நடைபாதையின் குறுக்கு வாட்டம் 48க்கு 1க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துக் குமிழி நடுவில் வரும்படி ஒரு முனையைத் தூக்கினால், கீழே உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஏறும் சரிவுக்கு 12க்கு 1 என்பதால், அதே 4 அடியில் இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கட்டட உரிமையாளர், வாடகைக்கு இருப்பவர் இருவருமே இதற்குச் சட்டப்படி பொறுப்பு என்பதால், கடைக்காரர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. கான்கிரீட் வருவதற்கு முந்தின நாள், பலகை அடித்து நிற்கும்போதே அளந்துவிடுங்கள். அப்போது தவறு தெரிந்தால் ஆணியைப் பிடுங்கிப் பலகையை இறக்கினால் போதும். மறுநாள் தெரிந்தால் இடிக்கத்தான் வேண்டும்.