பாட்டிகள் போட்ட வழக்கு

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். காலநிலை மாற்றம் பற்றி அரசுகள் பேசுகின்றனவே தவிர, எதையும் செய்வதில்லை. இளைஞர்கள் தெருவில் இறங்கினால்தானே கொள்கை மாறும்? அவர்கள் ஏன் தூங்குகிறார்கள்?

பதில்: வந்துவிட்டார்களா இளைஞர்கள்! ஊழல் ஒழிய வேண்டுமா, இளைஞர்கள். மொழி வாழ வேண்டுமா, இளைஞர்கள். எதுவானாலும் அவர்கள் தலையில்தான் விடிகிறது. இந்தப் பத்திரிகைக்கு வரும் கவிதைகளில் பாதி ‘இளைஞனே, எழு!’ என்றுதான் தொடங்குகிறது. எழுதுகிறவர்களுக்கு எழுபது வயதாவது இருக்கும். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் அடுத்தவனை எழுப்பத் தோன்றிவிடும் போல. நான் ஒன்றைக்கூடப் போடுவதில்லை. அந்தக் கோபத்தில் ஒரு கவிஞர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கவிதை அனுப்புவதை நிறுத்தினால் இன்னும் நன்றாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் தூங்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் கிரெட்டா துன்பர்க் தனியாக அட்டையோடு உட்கார்ந்தபோது வயது 15. அடுத்த வருஷம் செப்டம்பரில் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எந்த வயதுக்காரர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்போது 2024 ஏப்ரல் 9-ஆம் தேதிக்கு வாருங்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அன்றைக்குக் காலநிலை வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. ஒரு வழக்கு, போர்ச்சுகலைச் சேர்ந்த ஆறு இளையவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள்மீது போட்டது. தள்ளுபடி. இன்னொன்று, சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் போட்டது. 64 வயது ஆகாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அப்படியும் 2,000 பேருக்கு மேல் உறுப்பினர்கள். காலநிலை பாதிப்பிலிருந்து மக்களைக் காக்கும் கடமையில் சுவிஸ் அரசு தவறிவிட்டது என்று 17 நீதிபதிகளில் 16 பேர் சொன்னார்கள்.

பிள்ளைகள் உள்ளூர் நீதிமன்றத்தைத் தொடாமல் நேராக உச்சிக்குப் போனார்கள். முதலில் உங்கள் நாட்டில் முயன்று பாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். மற்ற நாடுகளை இழுத்ததும் செல்லவில்லை. பாட்டிகளோ 2016-ல் அரசிடம் மனு கொடுத்தார்கள். முடியாது என்று பதில் வந்தது. கீழே இருந்த நீதிமன்றமும் கைவிரித்தது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. ‘முடியாது’ என்று வந்த தாள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு அடுத்த படி ஏறினார்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் கதவு திறந்தது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். மனுவில் பூமித்தாயின் கண்ணீர் கிடையாது. வெப்ப அலை வந்தால் வயதான பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் சாகிறோம், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே வழக்கில் நான்கு பெண்கள் தனித்தனியாகவும் முறையிட்டிருந்தார்கள். அவர்கள் மனு ஏற்கப்படவில்லை. சங்கத்தின் மனு ஏற்கப்பட்டது! தலைவர், செயலாளர், பொருளாளர், ரசீது புத்தகம், கூட்டக் குறிப்பேடு எல்லாம் இல்லாத இயக்கம் மாலை ஆறு மணிக்குக் கலைந்துவிடும் என்று நான் வெகுகாலமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கொடி வடிவமைக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். போன கூட்டத்தில் என்ன முடிவு செய்தோம் என்று எழுதி வைக்க ஒருவர் வருவதில்லை. கையெழுத்து நன்றாக இருப்பவர் என்று யாரையாவது பிடித்து உட்கார வைத்தால், அவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை.

நீதிமன்றம் வேண்டாம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. பிரிட்டனில் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ அமைப்பு 2005-ல் ஓர் இயக்கம் தொடங்கியது. தொகுதி மக்கள் அவரவர் எம்.பி.யிடம் ஒரே ஒரு கோரிக்கையோடு போனார்கள்: வருஷா வருஷம் கரியமில வாயுவைக் குறைக்கச் சட்டம் வேண்டும். 2008-ல் சட்டம் வந்தது. எம்.பி.க்கு வானம் சுடுவதைவிட வாக்காளர் முகம் சுளிப்பது சீக்கிரம் தெரிகிறது.

பாட்டிகளின் கதை முடியவில்லை. தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், நாங்கள் செய்ததே போதும் என்று சுவிஸ் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. தீர்ப்பு அமலாகிறதா என்று பார்க்க வேண்டியது, அந்த நீதிமன்றத்தின் தாய் அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு. பாட்டிகள் விடுவதாக இல்லை.

நீங்கள் ஆண், அந்தச் சங்கத்தில் சேர்க்க மாட்டார்கள். ஓய்வு பெற்றவர் என்கிறீர்கள், பொழுதும் இருக்கும். நீங்களே ஒன்று தொடங்குங்கள். கையெழுத்து எப்படி?