பதில்: நான் பிரெஞ்சுக்காரரை மணக்க அப்பா சம்மதிக்க மறுக்கிறார்

1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் சவானா பஞ்சாலையில் 12 தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அங்கே உழைத்தவரின் மகனான உங்கள் அப்பாவிடம் "அது பழைய கதை" என்றீர்களாமே, அங்கேதான் பேச்சு முறிந்திருக்கிறது. அப்பாவின் கோபம் நியாயமானது. ஆனால் பிரான்சின் லியோனில் பிறந்த, நீங்கள் மணக்க விரும்பும் அந்தப் பையன் அதற்குப் பொறுப்பல்ல. அவர் நேரில் வந்து, சமாதானம் எதுவும் சொல்லாமல், அப்பா சொல்வதை முழுதாகக் கேட்கட்டும். (உண்மையான தடை "ஊர் என்ன சொல்லும்" என்பதாகவும் இருக்கலாம், அத்தையை விட்டு விசாரியுங்கள்.)

சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தால், உங்கள் அறிவிப்பு 30 நாள் பதிவு அலுவலகப் பலகையில் இருக்கும். அப்பா அதை யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. மனு கொடுக்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.