ஓய்வுக்குப் பின் காளான்: வாரம் பத்துப் படுக்கை போதும்

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. கோழி, தேனீ, சிப்பிக் காளான் மூன்றையும் சேர்த்துச் செய்தால் மாதாமாதம் ஒரு சிறு வருமானம் வரும் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஷெட் போட்டு, 100 காளான் படுக்கையுடன் தொடங்கலாமா? முழங்கால் வலி உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை பதினைந்து நாள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருவோம்.
– ஒரு வாசகர்

பதில்: மூன்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம் ஐயா. கோழிக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது. நீங்கள் ஊருக்குப் போனாலும் தீவனம், தண்ணீர் வைக்கவும் இரவில் கூண்டை அடைக்கவும் ஆள் வேண்டும். தேனீயில் தினசரி வேலை குறைவு. ஆனால் தேன், பூ இருக்கும் பருவத்தில்தான் கிடைக்கும், மாத வருமானத்துக்கு அதை நம்ப முடியாது. நினைத்தால் நிறுத்தி, திரும்பத் தொடங்கக்கூடியது காளான்தான். உங்கள் நிலைக்கு அதுவே பொருந்தும்.

ஆனால் 100 படுக்கையை, அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த 100 பைகளை, ஒரே நாளில் போடாதீர்கள். எல்லாம் ஒரே வாரத்தில் மலர்ந்து, விற்க ஆள் இல்லாமல் கையில் தேங்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் சிப்பிக் காளான் மூன்று நான்கு நாள்தான் நன்றாக இருக்கும். வாரம் 10 படுக்கை போடுங்கள். ஒரு படுக்கை மூன்று அறுவடை தந்து முடிய ஆறேழு வாரம் ஆகும். எனவே எந்த நேரத்திலும் குடிலில் 60, 70 படுக்கை இருக்கும், வரத்தும் சீராக வரும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு அரைக் கிலோ காளான் கிடைத்தால், பழகும் காலத்துக்கு அது நல்ல விளைச்சல். கை தேறியபின் முக்கால் கிலோவைத் தாண்டலாம். படுக்கைக்கு ஒரு கிலோ வைக்கோல் என்றால் வாரம் பத்துப் படுக்கைக்கு 5 கிலோ. ஆகவே அந்த 5 கிலோவை வாங்க யார் இருக்கிறார்கள் என்று முதலில் பேசி வையுங்கள். ஷெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை இதுதான். புதிய, பூஞ்சை பிடிக்காத வைக்கோலை 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு 70 முதல் 80 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். முழங்காலுக்குச் சோதனை இங்கேதான் வரும்: ஒரு கிலோ வைக்கோல் நனைந்தால் ஏறக்குறைய 3 கிலோ ஆகிவிடும். பெரிய மூட்டையாகக் கட்டாமல் சிறு வலைப்பைகளில் அடையுங்கள். டிரம்முக்கு அடியில் ஒரு குழாய் இருந்தால், பையைச் சுடுநீரிலிருந்து தூக்காமல் நீரை மட்டும் வடித்துவிடலாம். வெந்நீர் வேண்டாம் என்றால், லிட்டருக்கு 2 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் 16 முதல் 18 மணி நேரம் ஊறப்போடலாம். அதற்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அடுத்தது ஈரம். பாதிப் படுக்கைகள் கெடுவது இதில்தான். நீர் வடிந்து ஆறிய வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் சொட்டு விழக்கூடாது, விரித்துப் பார்த்தால் உள்ளங்கை மட்டும் நனைந்திருக்க வேண்டும். சொட்டினால் சுத்தமான விரிப்பில் பரப்பி இன்னும் கொஞ்சம் உலர்த்துங்கள். அவசரப்பட்டு அடைத்தால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி, நான்கைந்து நாளில் புளித்த நாற்றம் வரும். அந்தப் படுக்கை தேறாது.

60 × 30 சென்டிமீட்டர் பாலித்தீன் பையில் வைக்கோலை ஐந்து அடுக்காக அமுக்கி அடைத்து, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் காளான் வித்தை, அதாவது காளான் இழை வளர்த்த தானியத்தை, தூவுங்கள். படுக்கைக்கு 100 முதல் 150 கிராம் வித்து போதும். வித்து தானியம் முழுவதும் வெள்ளை படர்ந்து, காளான் வாசனையோடு இருக்க வேண்டும். மஞ்சள் நீர் கட்டியிருந்தால் பழையது, பச்சையோ கறுப்போ தெரிந்தால் கெட்டது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாய் கட்டிய பையில் 10, 12 சிறு துளைகள் போட்டு, இருட்டான அறையில் 15 முதல் 20 நாள் வையுங்கள். 24 முதல் 28 டிகிரி வசதியான வெப்பநிலை. உங்கள் பருவத்துக்கு ஏற்ற ரகம் எது என்று வித்து விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

பை முழுக்க வெளுத்ததும் காளான் மலரும் அறைக்கு மாற்றி, பிளேடால் பையைக் கீறிவிடுங்கள். அங்கே 85 முதல் 90 சதவீத ஈரப்பதம், செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம், நல்ல காற்றோட்டம் மூன்றும் வேண்டும். ஈரத்துக்குத் தரையில் மணல் பரப்பி, சுவரோரம் சாக்கு தொங்கவிட்டு, இரண்டையும் நனைத்து வைப்பார்கள். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. மொட்டு காய்ந்து சுருங்கினால் ஈரம் போதவில்லை. பச்சைப் பூஞ்சை தெரிந்த படுக்கையை அங்கே திறந்து பார்க்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்விடுங்கள். சிறிய ஈக்களைத் தடுக்கச் சன்னலுக்கும் கதவுக்கும் நெருக்கமான வலை அடியுங்கள், பிற்பாடு மருந்தடிப்பதைவிட அது எளிது.

காளானின் ஓரம் மேல்நோக்கி விரிவதற்கு முன்பே கொத்தாகத் திருகிப் பறியுங்கள். விரிந்துவிட்டால் விலையும் குறையும், குடைக்கடியிலிருந்து நுண்ணிய வித்துத்தூளும் பறக்கும். மூடிய அறையில் அந்தத் தூளைத் தினம் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம். குடிலில் வேலை செய்த சில மணி நேரத்தில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காளான் வேலையைச் சொல்லுங்கள். தூசியை நன்கு வடிக்கும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பறிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அறையைத் திறந்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அவர் அந்தப் பக்கம் வர வேண்டாம். உங்களுக்கே இருந்தால் இந்தத் தொழிலே வேண்டாம்.

பறிப்பதற்குச் சற்று முன் தண்ணீர் தெளித்தால் எடை கூடும், ஆனால் காளான் சீக்கிரம் அழுகி, அடுத்த வாரம் வாங்க ஆள் இருக்காது. துளையிட்ட பையில் போட்டுக் கொடுங்கள். மிஞ்சியதை 50 டிகிரி அளவில் உலர்த்தினால் 10 கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும், மாதக்கணக்கில் கெடாது. கணக்கு எழுதும்போது பறித்த எடையை விட்டு, விற்ற எடையை மட்டும் எழுதுங்கள். முதல் மூன்று மாதம் காலியாக இருக்கும் ஏதாவது ஓர் அறையிலேயே இதை ஓட்டி, வைக்கோல், வித்து, பை, எரிபொருள் செலவு போக மிச்சம் நின்றால் ஷெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பயணத்துக்கு ஏழு வாரம் முன்பே புதுப் படுக்கை போடுவதை நிறுத்துங்கள், கிளம்பும் நாளில் குடில் காலியாக இருக்கும். கழித்த வைக்கோலைக் குடிலுக்குப் பக்கத்தில் குவித்தால் ஈ அங்கிருந்தே திரும்பி வரும், தூரத்தில் உரக்குழியில் போடுங்கள். தரையையும் சுவரையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, கதவைத் திறந்து காயவிட்டுப் புறப்படுங்கள்.