பிள்ளைகளோடு ஒரு நாள்: நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துக் கேள்வி பதில்

இருபத்திரண்டு வருஷமாக நாகர்கோவிலில் வேன் ஓட்டுகிறேன். பள்ளிக்கூட நாளில் காலையும் மாலையும் பிள்ளைகள், சனி ஞாயிறில் குடும்பச் சவாரி. லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் அழுத பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அழுதது பசியால், வெயிலால், இல்லையென்றால் மூத்திரம் முட்டியதால். அதனால் இடத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

வேலை மாற்றலாகி பார்வதிபுரத்துக்கு வந்திருக்கிறோம். குழந்தைக்கு இரண்டு வயது. ரொம்ப தூரம் போகாமல் ஊருக்குள்ளேயே ஒரு பூங்கா சொல்லுங்கள், அண்ணா.

வேப்பமூடு பூங்காதான். வேப்பமூடு சந்திப்பிலேயே இருக்கிறது, பஸ்ஸில் வந்தாலும் நடக்க வேண்டியதில்லை. முழுப்பெயர் சர் சி.பி. ராமசாமி ஐயர் பூங்கா. திருவிதாங்கூர் திவானாக இருந்தவர். 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று, பூங்கா மட்டும் இன்னும் திவான் பெயரில் இருக்கிறது. ஆனால் வேப்பமூடு பார்க் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இரண்டு வயதுக்கு இது தாராளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். ஞாயிறு மாலை வேண்டாம், அன்றைக்கு ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும். சின்னக் குழந்தைக்கு வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது, உங்களுக்கும் கிடையாது.

ஒரே நாளில் மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, பேச்சிப்பாறை மூன்றையும் முடிக்க முடியுமா? பிள்ளைகளுக்கு ஆறு வயதும் ஒன்பது வயதும்.

முடிக்கலாம். போகிற வழியெல்லாம் தூங்கி, இறங்கும்போது எரிச்சலோடு இறங்கி, மூன்று இடத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம். எனக்கு வாடகை கூடக் கிடைக்கும். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மாத்தூரும் திற்பரப்பும் போதும்.

காலையில் மாத்தூர். பாலத்தின் மேல் வெயில் நேராக அடிக்கும், ஒதுங்க நிழல் இல்லை. ஒன்பது மணிக்குள் மேலே நடந்து முடித்துவிட வேண்டும். 1966-இல் கட்டியது, உயரம் 115 அடி, 28 தூண்கள். இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவில் பள்ளம், பள்ளத்தில் பரளியாறு. கால்வாய்த் தண்ணீரை அந்தப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோக ஆற்றுக்கு மேலேயே ஒரு தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் 'ஆத்துக்கு மேல ஆறு' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். போன வருஷம் ஒரு பையன் தொட்டித் தண்ணீரில் ஒரு பலா இலையைப் போட்டுவிட்டு அதன் கூடவே நடந்தான். இலை முந்தினால் ஓடுவான், சிக்கிக்கொண்டால் நின்று காத்திருப்பான். அக்கரை போய்ச் சேரும் வரை அவன் கண் வேறு எங்கும் போகவில்லை. ஆனால் இதற்குத் தொட்டியில் தண்ணீர் ஓட வேண்டும். சாதாரணமாக ஜூனில் பாசனத்துக்கு அணை திறந்த பிறகு போனால் ஓடும். கோடை லீவில் காய்ந்து கிடந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

நடைபாதை குறுகல். ஆறு வயதுப் பிள்ளையின் கையை விடவே கூடாது. அப்புறம் படி இறங்கினால் கீழே சிறுவர் பூங்கா, ஆற்றங்கரை. அண்ணாந்து தூண்களைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு உயரத்தில் நடந்தோம் என்பது உறைக்கும். திரும்ப ஏற வேண்டிய படிகள் நிறைய, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிவாக்கில் திற்பரப்புக்குப் போய்விடலாம். கோதையாறு அகலமாகப் பரவி ஐம்பது அடி விழுகிறது. பிள்ளைகளுக்கென்று நீச்சல் குளம் தனியாக உண்டு, பூங்காவும் உண்டு, அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு விடுகிறார்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் மழை தருவதால் அருவி வறண்டு கிடக்கும் நாட்கள் குறைவு. ஆனால் மேலே அணைப்பகுதியில் மழை வலுத்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அங்கே போய் நின்று 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று காவலரிடம் வாதாடுவதைவிட, முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போகாதீர்கள், பாறை வழுக்கும். ஆளுக்கு ஒரு தோர்த்து (துண்டு), மாற்றுத்துணி, நனைந்த துணி போட ஒரு பை. இந்தப் பையை மறந்தவர்களின் ஈர ஜட்டி என் வண்டி சீட்டில் காய்ந்திருக்கிறது.

பேச்சிப்பாறை 1906-இல் கட்டி முடித்த அணை. இன்னொரு நாள் தனியாகப் போங்கள். நிழலும் தண்ணீரும் மலையும் சேர்ந்த இடம், அவசரமாகப் பார்ப்பதற்கில்லை.

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் – எந்தக் கடற்கரையில் பிள்ளைகளைக் கடலில் இறக்கலாம், மாமா?

எதிலும் இறக்காதே மக்களே. கால் நனைக்கலாம், முழங்கால் வரை, கையைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான்.

விளையாட என்றால் எனக்குச் சொத்தவிளை பிடிக்கும். மணல் நீளமாகக் கிடக்கிறது, ஓடலாம், வீடு கட்டலாம். சங்குத்துறை நாகர்கோவிலுக்குப் பக்கம், வேலை முடிந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வர ஏற்றது. முட்டம் பாறையும் கலங்கரை விளக்கமுமாகப் பார்க்க அழகு. ஆனால் துறுதுறுப்பான பிள்ளை இருந்தால் அங்கே பெற்றவர்களுக்கு உட்கார வாய்க்காது. பாறையில் ஏறி நிற்பவனை அலை எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், நம் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தெற்கில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். திருடன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இறந்துபோனார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அறிவிக்கும், டிவியிலும் சொல்வார்கள். அப்படி ஒரு அறிவிப்பு இருந்தால் அன்றைக்கு மணலில்கூட உட்கார வேண்டாம், மலைப்பக்கம் போய்விடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனால் என் மகன் 'போரடிக்குது' என்கிறான். வயது எட்டு.

அவனைக் குறை சொல்ல முடியாது. மர வேலைப்பாட்டை ரசிக்க எட்டு வயதுக்குப் பொறுமை ஏது? அரண்மனையைச் சுருக்கமாக முடியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது அந்தக் கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி குளிர்ச்சியாக இருக்கும், அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு.

அதை முடித்துவிட்டு நேரே புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்கு வாருங்கள், இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கோட்டை மதிலுக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், மயில், மரங்கள், ஓடுவதற்கு நிறைய இடம். உள்ளே டிலனாய் கல்லறை இருக்கிறது. இந்தக் கதை அவனுக்குப் பிடிக்கும், சொல்லிக்கொண்டே நடங்கள்: 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய். ராஜா அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். அவரும் கடைசி வரை இங்கேயே இருந்து 1777-இல் இறந்து, இந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். என் சவாரியில் வந்த ஒரு பெண் குழந்தை அந்தக் கல்லை விரலால் தடவித் தடவி 'இப்படி எழுதினா டீச்சர் திருத்த மாட்டாங்களா?' என்று கேட்டாள்.

என் பிள்ளைக்குக் கூட்டமும் சத்தமும் ஆகாது. காதைப் பொத்திக்கொள்வான். எங்கேயும் போகவே தயங்குகிறோம்.

தயங்காதீர்கள் அம்மா. வார நாளில், திறந்த உடனே உதயகிரி போங்கள். இல்லாவிட்டால் வட்டக்கோட்டை. கன்னியாகுமரியில் இருந்து ஆறேழு கிலோமீட்டர், கடலை ஒட்டின கருங்கல் கோட்டை. நடுவில் புல்வெளி, மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலைத்தொடர். காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும். எங்கே போனாலும் வண்டியை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அவனுக்கு முடியவில்லை என்றால் இரண்டு நிமிஷத்தில் வண்டிக்குள் வந்துவிடலாம் என்ற தைரியம் அவனைவிட உங்களுக்குத் தேவை.

பூங்காவில் ஊஞ்சல், சறுக்கு எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு பூங்காவில், பெயர் வேண்டாம், ஊஞ்சல் சங்கிலியின் மேல் கொக்கி தேய்ந்து என் அக்கா பேத்தி தாடையில் மூன்று தையல். காவலரிடம் சொன்னோம், தலையாட்டினார். இரண்டு மாதம் கழித்துப் போனேன், அதே கொக்கியை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை ஏறுவதற்கு முன்னால் ஊஞ்சலை வெறுமனே இரண்டு தடவை ஓங்கி ஆட்டுங்கள், கொக்கி சத்தத்தில் தெரிந்துவிடும். சறுக்கில் புறங்கையை வைத்துப் பாருங்கள். மூன்று மணி வெயிலில் தகரச் சறுக்கு தோசைக்கல்தான். சறுக்கு முடிகிற இடத்தில் மணல் இருக்கிறதா, கல்லா? ராட்டினத்தில் துப்பட்டா, நீளச் சட்டை வேண்டாம். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரே சறுக்கில் மோதிக்கொள்வதுதான் அதிகம் நடப்பது, அதற்கு ஒரு ஆள் கீழே நின்றுதான் ஆக வேண்டும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

வேப்பமூடு, அல்லது சாயங்காலம் சங்குத்துறை. மாத்தூர் வேண்டவே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், மணலில் உட்கார்ந்து எழும்புவதுதான் அவருக்குக் கஷ்டம்.

மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர். காசு செலவில்லாமல் எங்கே காட்டலாம்?

சுசீந்திரம், தேரூர் குளங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். உலகம் முழுக்க முக்கியமான நீர்நிலைகளுக்குத் தருகிற அங்கீகாரம் அது, நாமோ பைக்கில் கடந்துபோகிறோம். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் இருக்கும். காலை ஆறரைக்குப் போய்விடுங்கள். ஊஞ்சல், கழிப்பறை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீருக்குப் பக்கம் கரை சரியும், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தாமரை இலை மேல் நடக்கிற பறவையைக் காட்டுங்கள். இலைக்கோழி, விரல்கள் நீளநீளமாக இருப்பதால் இலை மூழ்காது. தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவையுங்கள்.

சென்னையில் இருந்து சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். கன்னியாகுமரியில் என்ன காட்டுவது?

திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் எப்படியும் கேட்பார்கள். 2024 டிசம்பர் 30-இல் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கூட்டம் அதிகம். பாலம் 77 மீட்டர் நீளம். படகு வரிசைக்குக் காலையிலேயே போய் நில்லுங்கள். கடல் சரியில்லை என்றால் படகு விடமாட்டார்கள், மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். விவேகானந்தபுரம் வளாகத்தில் மயில்கள் உலாவும், பிள்ளைகளுக்கு அதுவே போதும். தண்ணீர் விளையாட்டுதான் வேண்டும் என்றால் பே வாட்ச் இருக்கிறது, ஆனால் அரை நாள் போய்விடும். அப்புறம், 'வெள்ளம் வேணுமா' என்று கேட்டு அவர்களைப் பயமுறுத்தாதீர்கள், நாம் கேட்பது குடிதண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியாது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகவா, வெளியே வாங்கவா?

காலைக்குக் கட்டுங்கள், மதியத்துக்கு வாங்குங்கள். புட்டும் பயறும் கெடாது, சிந்தும். பிள்ளைகளுக்கு மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு போதும். இங்கே பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிற பழம், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பருவத்தில் வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், நானும் குடிப்பேன்.

ஹோட்டலில் வேலை. எனக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் லீவு, மகனுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம். எங்கே போக, அண்ணே?

சொத்தவிளைதான். நாலரைக்குப் பள்ளி வாசலில் அவனை ஏற்றிக்கொண்டால் ஐந்தேகாலுக்கு மணலில் நிற்கலாம். செவ்வாயன்று கூட்டமே இருக்காது. ஆடிக்காற்று இருக்கும்போது ஒரு பட்டமும் நூல்கண்டும் கொண்டுபோங்கள். நூலைக் கைவிரலில் சுற்ற விடாதீர்கள், ஒரு கட்டையில் சுற்றிக் கொடுங்கள். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டால் அவனுக்கு வீட்டுப்பாடம் எழுதவும் நேரம் இருக்கும்.