சூப்பர்ஹீரோ டிவி தொடர்கள்ல ஒரே ஒரு எபிசோட் பார்க்கச் சொன்னா எதைச் சொல்வீங்க, ஏன்?

யோசிக்கவே வேணாம், 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'ல வர்ற 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. காசைக் கொட்டி எடுத்த தொடர் இத்தனை இருக்க, போயும் போயும் 1992ல பசங்களுக்காக சாயங்காலம் போட்ட கார்ட்டூனைப் போய் சொல்றானேன்னு தோணும். தோணட்டும். மொத்தமே 22 நிமிஷம்தான், பார்த்துட்டு வந்து திட்டுங்க. கதையை முழுசா சொல்லப் போறேன், 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுக்கு மேல ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

முதல்ல இந்த எபிசோடோட வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் இதுக்கு முன்னாடி என்ன நிலைமையில இருந்தான்னு தெரியணும். 1959ல பேட்மேன் காமிக்ஸ் 121வது இதழ்ல மிஸ்டர் ஜீரோங்கிற பேர்ல வந்தவன், ஐஸ் துப்பாக்கி வச்சு வைரம் திருடுவான், அவ்வளவுதான் அவன் வேலை. 1966ல வந்த டிவி தொடர்லதான் ஃப்ரீஸ்னு பேர் மாறுச்சு, அதுலயும் ஜார்ஜ் சாண்டர்ஸ், ஓட்டோ ப்ரெமிங்கர், ஈலை வாலக்னு மூணு பேர் மாத்தி மாத்தி நடிச்சாங்க, ஆள் மாறினதால யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல, அந்த லட்சணத்துலதான் கேரக்டர் இருந்துச்சு. 1991 வாக்குல காமிக்ஸ்ல ஜோக்கர் கையால செத்தே போயிட்டான், யாரும் தேடல.

இப்படிப்பட்ட ஆளைத்தான் எழுத்தாளர் பால் டினி கையில எடுத்தார். இயக்கம் ப்ரூஸ் டிம், தொடரை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். டினி பண்ணது ஒண்ணே ஒண்ணு, இவன் ஏன் ஐஸ் துப்பாக்கியைத் தூக்கினான்னு ஒரு காரணம் கொடுத்தார். விக்டர் ஃப்ரைஸ், அதுதான் ஃப்ரீஸோட நிஜப் பேர், ஒரு விஞ்ஞானி, மனைவி நோராவுக்குத் தீராத வியாதி, மருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் அவளை உறைய வச்சுக் காப்பாத்தலாம்னு வேலை செய்ற கம்பெனியோட சாதனங்களை எடுத்து ஆராய்ச்சி பண்றான். முதலாளி ஃபெரிஸ் பாய்ல் ஆளுங்களோட வந்து, என் காசை வீணாக்குறியான்னு மெஷினை நிறுத்தச் சொல்றான், தடுத்தவனை உதைச்சு கெமிக்கல் மேல தள்ளிட்டுப் போயிடறான். அதுலேருந்து ஃப்ரைஸால உறைபனிக் குளிர்லதான் உயிர் வாழ முடியும். எந்த பாய்லோ அதே பாய்லுக்கு, மனிதாபிமானமுள்ள தொழிலதிபர்னு ஊரே சேர்ந்து விருது கொடுக்குற ராத்திரியிலதான் கதை முடியுது.

இதெல்லாம் நமக்குத் தெரியாத கதையான்னு கேப்பீங்க. ஆமா, முதலாளி அநியாயம் பண்ணி, பாதிக்கப்பட்டவன் பழிவாங்க வர்றது நாம நூறு படத்துல பார்த்ததுதான். வித்தியாசம் சொன்ன விதத்துல இருக்கு. நம்ம ஊர் ஃப்ளாஷ்பேக்கா இருந்தா மழை பெய்யும், ஹீரோ வானத்தைப் பார்த்துக் கத்துவான். இங்க ஃப்ரீஸ் கத்தவே மாட்டான். குரல் கொடுத்தவர் மைக்கேல் அன்சாரா, பழைய ஸ்டார் ட்ரெக் தொடர்ல க்ளிங்கான்ங்கிற வேற்றுக்கிரக இனத்துத் தளபதி காங்கா வந்தவர், நல்ல கணீர்க் குரல். அவர் நடிகருக்கே உரிய மாதிரி உணர்ச்சியோட பேசப் பார்க்க, டிம்முக்கு வேண்டியிருந்ததோ மெஷின் பேசுற மாதிரி தட்டையான குரல், உணர்ச்சியைக் குறைங்க குறைங்கன்னு சொல்லித்தான் அதை வாங்கியிருக்காங்க. அழுகையே உறைஞ்சு போன ஒருத்தன் பொண்டாட்டியைப் பத்திப் பேசுறான், குரல்ல ஏத்த இறக்கமே இல்ல, ஆனா கேக்குற நமக்குத்தான் தொண்டை அடைக்கும். பின்னணி இசையைத் திணிச்சு அழ வைக்கிற எத்தனையோ காட்சிகளை விட இது என்னை அதிகமா உலுக்குச்சு.

படம் வரைஞ்ச விதமும் அதே குணம்தான். இந்தத் தொடரோட பின்னணிகளை வெள்ளைத் தாள்ல வரையல, கருப்புத் தாளை எடுத்து அதுமேல வெளிச்சம் விழுற இடத்தை மட்டும் வர்ணம் பூசி கொண்டு வந்தாங்க, டிம்மோட சேர்ந்து தொடரை உருவாக்கின எரிக் ராடோம்ஸ்கியோட ஐடியா அது. அதனாலதான் பேட்மேனோட ஊரான கோதம் நகரமே நிரந்தரமா ராத்திரியில இருக்குற மாதிரி ஒரு எஃபெக்ட். அதுக்கு நடுவுல வெளிறிப் போன நீல முகம், வழுக்கைத் தலை, கண்ணாடிக் குடுவை மாதிரி ஹெல்மெட், சிவப்புக் கண்ணாடி, அந்த டிசைன் மைக் மின்யோலாவோடது, ஆமா ஹெல்பாய் உருவாக்கின அதே ஆள். சிவப்புக் கண்ணாடி போட்டிருக்குறதால அவன் கண்ணே நமக்குத் தெரியாது, முகம் அசையாது. நடிப்பு காட்ட வேண்டிய எல்லா வழியையும் அவங்களே அடைச்சிட்டாங்க, கேக்கவே பைத்தியக்காரத்தனமா இருக்கு, ஆனா வேலை செஞ்சிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சூப். பேட்மேனுக்கு இந்த எபிசோட்ல ஜலதோஷம், தும்மிக்கிட்டே துப்பறியறான், அவனோட வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் சிக்கன் சூப்பை ஃப்ளாஸ்க்ல ஊத்திக் கொடுத்து அனுப்புறார், நாமளும் சும்மா சிரிப்புக்கு வச்சிருக்காங்கன்னு விட்டுடறோம். கடைசிச் சண்டையில ஃப்ரீஸ் கை ஓங்கிடுது, பேட்மேன் அந்த ஃப்ளாஸ்க்கை எடுத்து ஹெல்மெட் மேல அடிக்கிறான், சுடு சூப் பட்டதும் குளிர்ந்து கிடந்த கண்ணாடி விரிசல் விட்டு உடையுது. குளிர்ந்த கண்ணாடி டம்ளர்ல கொதிக்கிற தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், அதே அறிவியல்தான். அத்தனை இருட்டான கதையில ஒரு ஜோக்கை நுழைச்சு, அந்த ஜோக்கையே ஆயுதமாக்குறதுக்கு எழுத்தாளனுக்கு கைப்பக்குவம் வேணும்.

அதுக்கப்புறம் பேட்மேன் ஃப்ரீஸைப் பிடிச்சுட்டு அப்படியே போயிடல. பாய்ல் பண்ணின அக்கிரமம் பதிவான வீடியோ டேப்பை நிருபர் கிட்ட கொடுத்துடறான், இடுப்பு வரைக்கும் ஐஸ்ல சிக்கி நிக்கிற பாய்லைப் பார்த்து குட் நைட் மனிதாபிமானின்னு குத்திட்டுப் போறான். இன்னொரு தகவல், இந்த பாய்லுக்குக் குரல் கொடுத்தது மார்க் ஹாமில், ஸ்டார் வார்ஸ் லூக். இந்தத் தொடர்ல அவரோட முதல் வேலையே இதுதான், அப்புறம்தான் ஜோக்கர் அவர் கைக்கு வந்துச்சு, அது தனிக் கதை.

சரி, வரவேற்பு. 1993ல அனிமேஷன் எழுத்துக்கான டேடைம் எம்மிங்கிற அமெரிக்க டிவி விருது இந்தத் தொடருக்குக் கிடைச்சது, டினி அந்த எழுத்தாளர் குழுவுல ஒருத்தர். ஆனா விருதை விடப் பெரிய விஷயம், காமிக்ஸ்காரங்க கார்ட்டூன் கதையையே தங்களோட கதையா எடுத்துக்கிட்டாங்க. வழக்கமா காமிக்ஸ்லேருந்துதான் டிவிக்குப் போகும், இங்க தலைகீழ். 1997ல டினியே எழுதின தனி இதழ் மூலமா நோரா கதை காமிக்ஸுக்குள்ள போச்சு. அதே வருஷம் வந்த 'பேட்மேன் & ராபின்' படத்துலயும் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஃப்ரீஸா வந்து நோராவை உறைய வச்சிருப்பார், ஆனா வாயைத் திறந்தா ஐஸ் ஜோக்கு, கதையை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த அமைதியை விட்டுட்டாங்க.

2012ல ஸ்காட் ஸ்னைடரும் ஜேம்ஸ் டைனியனும் காமிக்ஸ்ல இதை மாத்தினாங்க, நோரா அவன் மனைவியே இல்ல, என்னைக்கோ உறைய வச்ச யாரோ ஒரு பொண்ணு, இவனாதான் மனைவின்னு கற்பனை பண்ணிக்கிட்டான்னு. துணிச்சலான ஐடியாதான், ஒத்துக்கறேன், ஆனா ரசிகர்கள் நிறைய பேருக்கு உடன்பாடில்ல, எனக்கும் இல்ல. அவன் பைத்தியம்னு ஆக்கிட்டா பாய்லுக்கும் அந்தக் கம்பெனிக்கும் கதையில வேலையே இல்லாம போயிடுது பாருங்க.

அதே தொடர்ல 1994ல 'டீப் ஃப்ரீஸ்'னு இன்னொரு எபிசோட் வந்துச்சு, அதுல நோரா இன்னும் உறைஞ்ச நிலையில உயிரோட இருக்குறதா காட்டுவாங்க. அதை எழுதினதுலயும் டினி பங்கு உண்டு, இருந்தாலும் எனக்குப் பிடிக்கல. முதல் எபிசோட்ல அவ போயிட்டாங்கிறதை நம்பித்தானே நாம அவன் கூட நின்னோம், திரும்பக் கொண்டு வந்தா அந்தக் கணக்கே கலைஞ்சிடுது. அதனால 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' பார்க்குறவங்க அதோட நிறுத்திக்கங்க, முன்னாடி வந்த எபிசோட் எதையும் பார்த்திருக்கணும்னு அவசியமும் இல்ல.